நைனிதால்: மலை சொல்லித் தந்த பாடம்



கோடை விடுமுறை வந்துவிட்டால், "இவ்வாண்டு எங்கே செல்லலாம்?" என்னும் கேள்வி நம் இல்லங்களில் எழுவது இயல்பு. அண்மையிலுள்ள மலை வாசஸ்தலங்களைப் பன்முறை கண்டு சலித்தவர்கள், இமயத்தின் அடிவாரத்தை ஒருமுறையேனும் கண்டுவரவேண்டும். பயணத்தைக் கல்வியின் ஒரு பகுதியாகவே நம் முன்னோர் கருதினர். அத்தகைய கல்வியை வழங்கும் ஊர் ஒன்றுக்கு உங்களை இங்கே அழைத்துச் செல்ல விழைகிறேன். அதன் பெயர் நைனிதால். அழகைக் காண்பதற்காகவே பலரும் அங்கே செல்கின்றனர். அந்த அழகுக்கு அடியில் புதைந்துகிடக்கும் வரலாற்றையும் அறிந்து செல்பவர்களுக்குப் பயணத்தின் பயன் இரட்டிப்பாகும்.

ஏரியும் ஊரும்

உத்தரகண்ட் மாநிலத்தின் குமாவோன் பகுதியில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நைனிதால் அமைந்துள்ளது. மூன்று புறமும் மலைகள் கிண்ணத்தின் விளிம்பெனச் சூழ்ந்து நிற்க, அக்கிண்ணத்தின் அடியில் பச்சை நிற நீர் ததும்பும் ஏரி கிடக்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 27 மீட்டர் வரை ஆழம் உண்டு. உதகையிலும் கொடைக்கானலிலும் நாம் காணும் ஏரிகள் மனிதர் அணையிட்டுத் தேக்கியவை. இதுவோ இயற்கையாய்த் தோன்றியது. பூமியின் பாறை அடுக்குகளில் ஏற்பட்ட ஒரு பெரும் பிளவு இந்த ஏரியின் நடுவே செல்கிறது என்று நிலவியல் அறிஞர்கள் கூறுகின்றனர். இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னால் இதன் பொருள் விளங்கும்.

"தால்" என்றால் ஏரி. "நைனா" என்றால் கண். கரையிலுள்ள நைனாதேவி ஆலயத்தின் புராணக் கதையோடு இப்பெயரை இணைத்துக் கூறுவர். ஏரியின் தெற்குக் கோடியிலுள்ள பகுதி தல்லிதால், வடக்குக் கோடியிலுள்ள பகுதி மல்லிதால். ஏரியின் கீழ்ப்புறம், மேற்புறம் என்பதே இவற்றின் பொருள். இவ்விரண்டையும் ஏரிக்கரையோரமாக இணைக்கும் நெடுஞ்சாலையே புகழ்பெற்ற மால் ரோடு. பருவ காலத்தில் மாலை வேளைகளில் அச்சாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவர். அப்போது குழந்தைகளுடன் அச்சமின்றி உலா வரலாம்.

தமிழகத்திலிருந்து செல்வோர் டில்லி சென்று, அங்கிருந்து இரவு ரயிலில் காத்கோதாம் சேரலாம். இருப்புப் பாதை அங்கே முடிந்துவிடுகிறது. "காத்" என்றால் மரம். "கோதாம்" என்பது நாம் "குடோன்" என்கிறோமே, அதே சொல். மலையிலிருந்து இறக்கிய மரங்களைச் சேமித்த கிடங்கு பின்னர் ஊரின் பெயராயிற்று. 1884ஆம் ஆண்டில் அங்கே ரயில் வந்தது. அங்கிருந்து 35 கிலோமீட்டர் தொலைவு மலைப்பாதையில் பேருந்திலோ வாடகைக் காரிலோ ஏறவேண்டும்.

படகில் பெற்ற கையெழுத்து

இந்த ஏரியைக் குமாவோன் மக்கள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தனர், புனிதமாகவும் போற்றினர். 1823ஆம் ஆண்டில் டிரெயில் என்னும் ஆங்கிலேய ஆணையர் இங்கே வந்தார். மக்களின் நம்பிக்கையை மதித்து, இவ்விடத்தைப் பற்றி வெளியே பரப்பாமல் இருந்துவிட்டார் என்பர். 1841ஆம் ஆண்டில் ஷாஜகான்பூரில் சர்க்கரை வணிகம் செய்துவந்த பாரன் என்பவர் வேட்டைக்கு வந்த இடத்தில் ஏரியைக் கண்டார். கண்டவர் மௌனம் காக்கவில்லை. பத்திரிகைகளில் எழுதினார், "யாத்ரிகர்" என்று பொருள்படும் பெயரில் தமக்கொரு மாளிகையும் இங்கே கட்டினார்.

அக்காலத்தில் ஏரி தமக்கே உரியது என்று நர்சிங் என்னும் உள்ளூர்த் தலைவர் உரிமை கொண்டாடினார். பாரன், சமவெளியிலிருந்து ஒரு படகை மலைமேல் கொண்டுவரச் செய்து, அந்தத் தலைவரை அதில் ஏற்றி ஏரியின் நடுவே அழைத்துச் சென்றார். நீச்சல் அறியாத அவரிடம், "உரிமையை விட்டுத் தருவதாக எழுதிக் கொடுங்கள், இல்லையேல் ஏரியில் தள்ளிவிடுவேன்" என்று கூறித் தம் குறிப்பேட்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார். இதனைப் பாரனே வேடிக்கை போல எழுதி வைத்திருக்கிறார். படிப்போருக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் ஒரு ஊரின் நிலமும் நீரும் எவ்வாறு கைமாறின என்பதை எண்ணும்போது அச்சிரிப்பு நிலைப்பதில்லை.

அதன்பின் ஊர் விரைந்து வளர்ந்தது. 1862ஆம் ஆண்டு முதல் வடமேற்கு மாகாணங்களின் கோடைக்காலத் தலைநகராயிற்று. அதிகாரிகள் வந்தனர்; அவர்களைத் தொடர்ந்து வணிகர்கள், கூலிகள், சமையற்காரர்கள், பள்ளிக்கூடங்கள் அனைத்தும் வந்தன. மரங்கள் வீழ்ந்தன. சரிவுகள் வெட்டப்பட்டு, வீடுகளுக்கு இடம் சமன் செய்யப்பட்டது.

1880 செப்டம்பர் 18

இப்போது மல்லிதாலில் உள்ள விரிந்த மைதானத்தில் வந்து நில்லுங்கள். "ஃபிளாட்ஸ்" என்று இதனை அழைப்பர். சிறுவர்கள் பந்து விளையாடுவர். வேர்க்கடலை விற்போர் கூவுவர். குடும்பங்கள் வெயில் காய்ந்தபடி அமர்ந்திருக்கும். இந்தச் சமதளத்தின் ஒரு பகுதி, மலை சரிந்து வந்து நிரப்பிய மண்ணால் ஆனது என்று சொன்னால் நம்புவது கடினம்.

1880ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதி மழை தொடங்கியது, விடாமல் கொட்டியது. 18ஆம் தேதி சனிக்கிழமை காலை, வடபுறத்து ஆல்மா மலைச்சரிவில் ஒரு பகுதி இடிந்து, விக்டோரியா ஹோட்டலின் பின்புறத்தில் விழுந்து சிலரைப் புதைத்தது. செய்தியறிந்து படைவீரர்களும் அதிகாரிகளும் கூலியாட்களும் ஓடிவந்து மண்ணைத் தோண்டத் தொடங்கினர். நண்பகல் கடந்து, பிற்பகல் ஒன்றரை மணியளவில் மலையின் பெரும்பகுதி மீண்டும் பெயர்ந்தது. சில நொடிகள்தாம். ஹோட்டலும், அதன் கீழிருந்த கடையும், ஏரிக்கரை மன்றமும், பழைய நைனாதேவி ஆலயமும் இருந்த இடம் தெரியாமல் மறைந்தன. மீட்க வந்தவர்களும் மீட்கப்பட வேண்டியவர்களும் ஒரே மண்ணுக்குள் போயினர். இறந்தோர் 151 பேர். அவர்களுள் 43 பேர் ஐரோப்பியரும் ஐரோப்பிய வழிவந்தோரும். 108 பேர் இந்தியர்.

இதன் காரணம் என்ன? இங்குள்ள மலைகள் பெரும்பாலும் ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறைகளாலும் சுண்ணாம்புப் பாறைகளாலும் ஆனவை. பூமிப் பிளவின் மேல் அமைந்தமையால் அவை ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தன. மரங்களின் வேர்கள் இருந்தவரை மண் பிடிமானம் பெற்றிருந்தது. சரிவை வெட்டி வீடு கட்டிய இடங்களில் மழைநீர் வழிந்தோட வழியின்றி விரிசல்களுக்குள் இறங்கியது. உள்ளே ஊறிய நீர் பாறையேடுகளை வழுக்கச் செய்தது. 1866ஆம் ஆண்டிலேயே அதே ஆல்மா மலை ஒருமுறை சரிந்து எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையை ஊர் செவிமடுக்கவில்லை.

பேரழிவுக்குப் பின்னர் அரசு விழித்துக்கொண்டது. மலைச்சரிவுகளில் கற்களால் வடிகால்கள் கட்டப்பட்டன. பெய்யும் மழை பாறைக்குள் புகாமல், வடிகால் வழியே நேரே ஏரிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதே திட்டம். சரிவுகளைக் கண்காணிக்கக் குழு அமைத்தனர். மரம் வெட்டவும் வீடு கட்டவும் கட்டுப்பாடு விதித்தனர். நீங்கள் மால் ரோட்டில் நடக்கும்போது, மலையிலிருந்து செங்குத்தாக இறங்கிவரும் கல் வாய்க்கால்களைக் காண்பீர்கள். சாக்கடை என்று எண்ணி முகம் சுளித்துவிடாதீர்கள். 151 உயிர்களின் விலையில் வாங்கிய பாதுகாப்பு அது.

சாட்சி சொல்லும் கட்டடங்கள்

மல்லிதாலில் மரங்கள் அடர்ந்த மேட்டில் "வனாந்தரத்து யோவான்" தேவாலயம் நிற்கிறது. 1846ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டி, 1848ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சாம்பல் நிறக் கற்களும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட எளிய கட்டடம். அதனுள்ளே நிலச்சரிவில் இறந்தோரின் பெயர்களைப் பொறித்த பித்தளைப் பலகை உள்ளது. மண்ணுக்குள் போன அந்த 108 இந்தியர்களுள் பெரும்பாலோரின் பெயரைச் சொல்லும் பலகை எதையும் நான் எங்கும் காணவில்லை. அவர்களுக்கும் தாய் இருந்திருப்பாள்; காத்திருந்த பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அந்த மைதானத்தைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று அவர்களை நினைப்பது நம்மால் இயன்ற மரியாதை.

மைதானத்தைச் சுற்றி நோக்கினால் வேறொரு காட்சி மனத்தைக் கவரும். ஒருபுறம் 1883ஆம் ஆண்டில் மீண்டும் கட்டப்பட்ட நைனாதேவி ஆலயம். அதன் அருகே சீக்கியரின் குருத்வாரா. சற்றுத் தள்ளி ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த ஜாமிஆ மஸ்ஜித். அப்பால் 1858ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட, இந்தியாவின் முதல் மெதடிஸ்ட் தேவாலயம். நடந்தே சென்று அனைத்தையும் சில நிமிடங்களில் கண்டுவிடலாம். மாலையில் ஆலய மணி ஓய்ந்த சிறு நேரத்தில் மக்ரிபின் பாங்கொலி எழுந்து, மலைகளில் மோதி, ஏரியின் மேல் மிதந்து வரும். ஊரார் அதனை அதிசயமாகக் கருதுவதில்லை. நாள்தோறும் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். வெளியூரிலிருந்து செல்லும் நமக்குத்தான் அது நெஞ்சை நிறைக்கிறது. மலை சரிந்தபோது எந்தச் சமயத்தாரையும் தனியே பிரித்து விட்டுவிடவில்லை என்பதை அறிந்த ஊர் அல்லவா அது!

ஆளுநர் மாளிகையின் வரலாறும் படிப்பினை மிக்கது. முன்பு ஷேர்-கா-டண்டா என்னும் வடபுறத்து மலையில் ஆளுநருக்கு மாளிகை கட்டினர். சில ஆண்டுகளிலேயே சுவர்களில் விரிசல் விழவே, அதனைக் கலைத்துவிட்டு வேறிடம் தேட நேர்ந்தது. மாகாணத்தையே ஆண்டவரின் மாளிகைக்கும் மலை சலுகை காட்டவில்லை. 1897ஆம் ஆண்டில் தென்புறத்தில் உறுதியான நிலம் பார்த்து இன்றைய ராஜ்பவனுக்கு அடிக்கல் நாட்டினர். பம்பாய் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தை வடிவமைத்த ஸ்டீவன்ஸ் என்பவரின் கைவண்ணம் இது. கூர்மாடங்களும் கல் வளைவுகளுமாக ஸ்காட்லாந்துக் கோட்டை போலத் தோன்றும். பார்வையாளர்களை அனுமதிக்கும் நேரங்களைக் கேட்டறிந்து செல்லவேண்டும். பழைய தலைமைச் செயலகக் கட்டடத்தில், 2000ஆம் ஆண்டில் புதிய மாநிலம் பிறந்தது முதல் உயர்நீதிமன்றம் இயங்கி வருகிறது.

அயர்பாட்டா சரிவில் "கர்னி ஹவுஸ்" என்னும் பழைய வீடு உண்டு. ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடி, பின்னர் புலிகளின் பாதுகாவலராக மாறிய ஜிம் கார்பெட்டின் குடும்ப வீடு அது. 1875ஆம் ஆண்டில் நைனிதாலில் பிறந்த கார்பெட், நிலச்சரிவு நேர்ந்தபோது ஐந்து வயதுச் சிறுவர். அவர் தந்தை இவ்வூரின் அஞ்சலகத் தலைவர். நிலச்சரிவுக்குப் பின்னரே எதிர்ப்புறத்து மலையில் இவ்வீடு எழுந்தது. 1947ஆம் ஆண்டில் கென்யா சென்ற அவர், 1955ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார்.

இறைவனின் ஓவியங்கள்

கட்டடங்களை விட்டு மலையேறுவோம். நகரின் மிக உயர்ந்த சிகரமான நைனா பீக் 2,615 மீட்டர் உயரமுடையது. பான்ஜ் எனப்படும் கருவாலி மரங்களும் தேவதாரு மரங்களும் நிழல் தரும் பாதையில் காலையிலேயே புறப்பட்டால் நடந்தே ஏறலாம். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் 2,270 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்னோ வியூ ஏற்றது. மல்லிதாலிலிருந்து கம்பிவட ஊர்தி செல்கிறது. வானம் தெளிந்திருந்தால், வடக்கே 7,816 மீட்டர் உயர்ந்த நந்தாதேவியும், அதனருகே திரிசூலும் நந்தாகோட்டும் வெண்ணிற வரிசையாக நிற்கக் காணலாம். அக்காட்சியின் முன் நா தானாகவே "ஸுப்ஹானல்லாஹ்" என்று மொழியும். பனிமலைகளைக் காண அக்டோபர், நவம்பர் மாதங்களே சிறந்தவை. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

உயர்மலை விலங்குகளுக்கான காட்சிச்சாலையும், மனோரா சிகரத்தில் விண்மீன்களை ஆராயும் ஆய்வகமும் பிள்ளைகளின் அறிவுக்கு விருந்தாகும். அண்மையில் பீம்தால், சாத்தால், நௌகுச்சியாதால் ஆகிய ஏரிகளும் உண்டு. நௌகுச்சியாதால் என்றால் ஒன்பது மூலைகளுடைய ஏரி. ஒன்பது மூலைகளையும் ஒரே இடத்திலிருந்து கண்டுவிட முடியாது என்று ஊரார் சொல்வார்கள். பிள்ளைகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்!

குமாவோன் மக்களின் உணவில் கொள்ளுப் பருப்புக்குத் தனியிடம் உண்டு. நம் வீட்டுக் கொள்ளு ரசத்தை அது நினைவூட்டும். குளிருக்கு அதைவிடச் சிறந்த மருந்து இல்லை. கடைவீதியில் பழ வடிவிலும் பூ வடிவிலும் வார்த்த மெழுகுவர்த்திகள் இவ்வூரின் கைத்தொழில். ஊருக்குக் கொண்டுவந்து தர ஏற்ற அன்பளிப்பு. கம்பளி உடைகளை மறவாதீர்கள். கோடையிலும் ஃபஜ்ருக்கு உளூச் செய்யும் நீர் விரல்களை மரக்கச் செய்யும்.

மறக்கப்படும் பாடம்

வாசகர்களே! இத்தனை அழகைச் சொல்லிவிட்டு ஒரு கவலையைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. 1880இல் கற்ற பாடத்தை ஊர் மெல்ல மெல்ல மறந்து வருகிறது.

விடுதிகள் பெருகின. வடிகால்களின் மேலும் ஓரங்களிலும் கட்டடங்கள் எழுந்தன. கழிவு நீர் ஏரியில் கலந்தது. வரலாற்றுப் பேராசிரியர் அஜய் சிங் ராவத் உச்சநீதிமன்றத்தில் முறையிட்டார். 1995ஆம் ஆண்டில் நீதிமன்றம், கழிவுநீர் ஏரியில் சேரக்கூடாது, பல அடுக்குக் கட்டடங்கள் எழுப்பக்கூடாது, மால் ரோட்டில் கனரக வண்டிகள் செல்லக்கூடாது என்றெல்லாம் ஆணையிட்டது. உயிர்க்காற்றுக் குறைந்து மீன்கள் மடிந்த ஏரிக்குள், 2007ஆம் ஆண்டு முதல் குழாய்கள் வழியே காற்றைச் செலுத்தி வருகின்றனர். நோயாளிக்கு மூச்சுக் குழாய் வைத்ததைப் போல!

ஏரிக்கு மேலே சூக்காதால் என்று ஒரு பள்ளம் உண்டு. "வறண்ட ஏரி" என்பது பொருள். மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும். அந்நீர் நிலத்துக்குள் இறங்கி, ஊற்றாக நைனி ஏரியை ஆண்டு முழுதும் ஊட்டுகிறது என்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். வறண்டு கிடப்பதால் வீண் நிலம் என்று கருதி, அதிலும் கட்டடக் கழிவைக் கொட்டினர். 2017ஆம் ஆண்டுக் கோடையில் ஏரி மட்டம் வெகுவாகத் தாழ்ந்து, கரையோர மண்திட்டுகள் வெளியே தெரிந்தன. நகர மக்கள் குடிப்பது இந்த ஏரியின் நீரைத்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கீழ் மால் ரோட்டின் ஒரு பகுதி இடிந்து ஏரிக்குள் விழுந்தது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் பெய்த பெருமழையில் ஏரி கரை கடந்து சாலையில் ஓடியது. அயர்பாட்டா மலையுச்சியில், டாரதி கெல்லட் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் நினைவாக அவர் கணவர் அமைத்த கல்லிருக்கை ஒன்று இருந்தது. எத்தனையோ குடும்பங்கள் அதில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டன. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஓர் இரவு, அது நின்ற பாறையோடு சேர்ந்து சரிந்து போயிற்று. பழைய பயண நூல்களில் அதனைப் படித்துத் தேடிச் செல்வோர் இனி அதனைக் காணமாட்டார்கள்.

நாம் ஓரிரு நாள் விருந்தினர். நம்மால் என்ன ஆகும் என்று கேட்கலாம். ஏரியைச் சுற்றி வாழ்பவர்களைவிட, அங்கே வந்து செல்பவர்களின் தொகையே பெரிது. அவர்களுக்காகவே விடுதிகள் எழுகின்றன. ஆகவே விருந்தினரின் ஒழுக்கமும் ஏரியின் உயிரோடு தொடர்புடையது. விடுமுறையின் உச்ச நாள்களைத் தவிர்த்துச் செல்லுங்கள். காரை மலையடிவாரத்தில் விட்டுப் பேருந்தில் ஏறுங்கள். சரிவை வெட்டிப் புதிதாய் எழுந்த விடுதியைவிட, பழைய கட்டடத்தில் இயங்கும் எளிய விடுதியைத் தேடுங்கள். ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் சமுதாயம் நாம். விடுதி அறையிலும் அதனைக் கடைப்பிடிப்போம்.

பிள்ளைகள் மிட்டாய் உறையை அந்தக் கல் வாய்க்காலில் எறியப் போனால், கையைப் பற்றி நிறுத்துங்கள். அந்த வாய்க்காலை ஏன் கட்டினார்கள் என்பதையும், அது எங்கே போய் முடிகிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். நைனிதாலில் நீங்கள் வாங்கித் தரும் எந்தப் பொம்மையையும்விட அது நெடுநாள் அவர்களிடம் இருக்கும்.